வாசிக்காத சுரங்கள்

கனடாவின் வின்னிபெக் நகரில் கம்பளக் கடை ஒன்றின் மேல்மாடியில் டாரியா கோஸ்டினியுக்கும் லீலண்ட் தீசனும் சேர்ந்து ஓர் அலுவலகம் நடத்தினார்கள். அந்தக் குளிர்காலத்தில் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டிருந்தார்கள். லீலண்ட் தன் மேசையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டான். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மஞ்சள் சீட்டில் எழுதி டாரியாவின் பியானோ மூடியில் ஒட்டிவிட்டுப் போவான். அவள் படித்துவிட்டுக் கசக்கி அவன் நாற்காலியில் போடுவாள்.

இத்தனைக்கும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். யாராவது வாசித்தால் அதைக் கேட்டுத் தானாகவே நொட்டேஷனாக, அதாவது சுரக்குறிப்பாக, எழுதித் தரும் மென்பொருள் ஒன்றைச் சேர்ந்தே உருவாக்கினார்கள். ‘கேட்டெழுதி’ என்று அதற்குப் பெயர். வாசித்துக் காட்டுவதும் எழுதியது சரியா என்று பார்ப்பதும் டாரியாவின் வேலை. கணக்கும் நிரலும் லீலண்டுடையவை.

சண்டை ஒரு வால்ட்ஸில், மூன்று தட்டு நடன இசையில், ஆரம்பித்தது. சனிக்கிழமைகளில் டாரியா உக்ரேனியர் மன்றத்தில் நடனத்துக்கு வாசிப்பவள். வால்ட்ஸின் இரண்டாவது தட்டை ஒரு மயிரிழை முன்னால் போடுவது அவள் கைப்பழக்கம். கேட்டெழுதி அதை அப்படியே எழுதியது. தாள் முழுக்கப் புள்ளியும் வாலும் வளைவுமாக முள்வேலி போல வந்தது.

“இதை எவன் படிப்பான்?” என்றான் லீலண்ட்.

“நான் அப்படித்தானே வாசிச்சேன்.”

“அப்போ ஒழுங்கா வாசி.”

அதற்குப் பிறகுதான் மஞ்சள் சீட்டுகள் வந்தன.

ஜனவரியில் டொராண்டோவிலிருந்து பெவர்லி ஒக்வான் என்ற அம்மாள் வருவதாகத் தகவல் வந்தது. நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு இசைப் பரீட்சை நடத்தும் அமைப்பு ஒன்றின் தலைமைத் தேர்வாளர் அவர். கேட்டெழுதி அவருக்குப் பிடித்துவிட்டால் அலுவலகம் பிழைத்துவிடும்.

அவர் வரவிருந்த நாள் காலையில் டாரியா கை சூடேறுவதற்காக வாசித்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் விறைத்திருந்தது. ஓரிடத்தில் சுண்டுவிரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. திரையைப் பார்த்தாள். தாளில் அந்தப் பிழை இல்லை. வேண்டுமென்றே இன்னொரு பிழை விட்டாள். அதுவும் திருத்தியே எழுதப்பட்டது. இரண்டாவது தட்டும் ராணுவ அணிவகுப்பு மாதிரி நேராக நின்றது.

“எப்போ போட்ட இதை?” அவன் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

“போன வாரம்.” அவன் திரும்பவில்லை. “சந்தேகமான சுரம் வந்தா, அந்த இடத்துல எது வரணுமோ அதை எழுதும்.”

“யாரைக் கேட்டுப் போட்ட?”

“உன்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவ. உனக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை அதுதானே.”

“என் விரலுக்கு நீ யாரு திருத்தம் போட? நான் வாசிச்சதை எழுதச் சொன்னா, நான் வாசிச்சிருக்கணும்னு நீ நெனைக்கிறதை எழுதுது.”

“அந்தம்மா வந்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் எவ்வளவு வேணாலும் கத்து. ஆனா இன்னிக்கு நீ வாசிக்க வேண்டாம். வேணும்னே கெடுப்ப. நானே வாசிக்கிறேன்.”

“நீயா?” டாரியா சிரித்துவிட்டாள். “உன் வாசிப்பைக் கேட்டா கீழ கம்பளக் கடைக்காரனே மேல வந்துடுவான்.”

ஒக்வான் அம்மாள் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். காபி வேண்டாமென்றார். லீலண்ட் ஆரம்பநிலைப் பரீட்சைக்கான சின்னப் பாட்டு ஒன்றை வாசித்தான். அவன் முடித்த கையோடு அச்சாகி வந்த தாள் பாடப்புத்தகம் மாதிரி சுத்தமாக இருந்தது. அதை மடியில் வைத்து அவர் மெதுவாகப் படித்தார்.

“மூணாவது வரியில நீங்க வெள்ளைக் கட்டையை அமுக்கினீங்க. இதுல கறுப்புக் கட்டைன்னு போட்டிருக்கு. இதுல எது சரி?”

லீலண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். “தாள்ல இருக்கறதுதான் சரி, மேடம்.”

“அப்படியா. அப்போ பரீட்சைக்குப் பிள்ளைங்க எதுக்கு வரணும்? உங்க தாளையே உட்கார வச்சு மார்க் போட்டுடலாமே.” அவர் கையுறையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். “வாசிக்கத் தெரியாதவங்களை ஏமாத்தலாம். என் காதை ஏமாத்த ஏன் என்னை இவ்வளவு தூரம் வரவழைச்சீங்க?”

லீலண்ட் டாரியாவைப் பார்த்தான். திருத்தும் பகுதியை நிறுத்தி வைக்க முடியும் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் தப்பும். அவள் அதைச் சொல்லவில்லை. தன் மடிக்கணினியைத் திறந்தாள். பழைய கேட்டெழுதி அதில் அப்படியே இருந்தது. லீலண்டின் வாசிப்பு பதிவாகியிருந்ததை எடுத்து அதற்குக் கொடுத்தாள். பிறகு திரையை அந்த அம்மாள் பக்கம் திருப்பினாள்.

அவன் தடுமாறிய இடம், விரல் தவறிய இடம், பயத்தில் ஓடிய இடம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கோட்டில் ஏறின. ஒக்வான் அம்மாள் கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்தார்.

“இதுதான் எங்களுக்கு வேணும். பிள்ளை எங்க தடுக்கி விழுதுன்னு தெரியணும்.” லீலண்டைப் பார்த்து, “நீங்க அவசரப்படுறீங்க. ரெண்டாம் நிலையைத் தாண்டியிருக்க மாட்டீங்கன்னு நெனைக்கிறேன்” என்றார்.

லீலண்டின் காது மடல்கள் சிவந்துவிட்டன. அவர் படியிறங்கிப் போகும்வரை பொறுத்திருந்தான்.

“ஒரு வார்த்தையில முடிச்சிருக்கலாம் நீ. என் பிழையை எல்லாம் படம் வரைஞ்சு காட்டினே.”

“நான் வரையல. நீ வாசிச்சே.”

“உன்னோட இனி ஒரு நாள் கூட உட்கார மாட்டேன். என் நிரல் என்னோட வரும்.”

“திருத்துறதை எடுத்துட்டுப் போ. அதைத் தவிர எதையாவது தொட்டே, வக்கீலோட வருவேன்.”

அவன் கணினியைப் பையில் திணித்துக்கொண்டு போனான். சற்று நேரம் கழித்து டாரியா கீழே இறங்கியபோது அவன் கார் கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது. குளிரில் எஞ்சின் உறைந்துவிடாமல் சூடாக வைக்கும் மின்கம்பியை, காலையில் வந்த பதற்றத்தில், சொருக மறந்திருக்கிறான். மூச்சு மீசையில் பனியாகும் குளிர். அந்தக் குளிரில் பகைவனைக்கூட யாரும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். அவள் தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு கார்களின் பாட்டரிகளையும் இணைக்கும் கம்பிகளைத் தானே மாட்டினாள். கார் உறுமியது. லீலண்ட் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினான்.

“இதுக்கெல்லாம் நன்றி சொல்ல மாட்டேன்.”

“நான் கேட்டேனா?”

கம்பியைச் சுருட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

வசந்தத்தில் பரீட்சை அமைப்பு டாரியாவோடு ஒப்பந்தம் போட்டது. லீலண்ட் ஆற்றுக்கு அந்தப்பக்கம், செயின்ட் போனிஃபேஸில், தனியாகக் கடை விரித்தான். யார் எப்படி வாசித்தாலும் அழகான தாள் தரும் செயலி அது. டாரியாவுடையதைவிட அதற்குத்தான் கூட்டம் அதிகம். தங்கள் பிழையைப் பார்க்க எத்தனை பேருக்கு ஆசை இருக்கும்? கேட்டெழுதி என்ற பெயர் யாருக்கு என்று இரண்டு வக்கீல்கள் இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். விசாரணைக்கு இருவரும் வருகிறார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக விட்டு உட்காருகிறார்கள்.