இடையில் இருந்த வீடுகள்

ஜலஜா தட்டில் இன்னொரு போண்டாவை வைத்தாள். ரெபெக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஜலஜா கவனித்துவிடுவாள்.

"நல்லா சாப்பிடு. எலெக்‌ஷன்ல நிக்கிறேன்னு அலைஞ்சு பாதியாயிட்ட."

"போதும் ஆன்ட்டி. இப்பதான் சபரிநாதன் வீட்ல அடை சாப்ட்டேன்."

"அவங்க வீட்டு அடையா? பல்லு பத்திரமா இருக்கா?"

ரெபெக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினாள். "சனிக்கிழமை மறக்காம வந்துடுங்க ஆன்ட்டி. அங்கிளையும் கூட்டிட்டு வாங்க."

"அய்யோ, சனிக்கிழமையா? அன்னிக்கு மீனாட்சி கோயில்ல எங்க அபிஷேகம். காலையில பேர்லேண்ட் போனா திரும்பி வர சாயங்காலம் ஆயிடும்."

"ஏழு மணி வரைக்கும் பூத் இருக்கும்."

"பார்க்கறேன்டி. ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போவுது? நம்ம ஆளுங்க எல்லாரும் உனக்குத்தானே போடுவாங்க."

முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்கள் செவ்வாயோடு முடிந்திருந்தன. ரெபெக்கா அதைச் சொல்லவில்லை. சொல்லி இனி ஒன்றும் ஆகாது. கிளம்பும்போது ஜலஜா குங்குமச் சிமிழை எடுத்து, பிறகு நினைவு வந்தவளாய் அதை வைத்துவிட்டு, அலுமினியத் தாளில் நான்கு போண்டாக்களைச் சுற்றிக் கொடுத்தாள்.

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டுக்குத் தெற்கே உள்ள அந்தச் சின்ன ஊரின் நகர மன்றத்தில் ஓர் இடம் ஜனவரியில் காலியாகியிருந்தது. வெர்லீன் டக்கெட் இறந்துபோனதால். அந்த மன்றத்தில் உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை வென்றவர். முதல் கூட்டத்துக்குப் போனபோது மற்ற எல்லோர் முன்னாலும் பித்தளைப் பெயர்ப்பலகை இருந்ததாம். அவர் முன்னால் இல்லை. செய்யக் கொடுத்திருக்கிறோம் என்றார்களாம். கைப்பையிலிருந்து சர்ச்சில் கொடுக்கும் அட்டை விசிறியை எடுத்து, அதன் பின்பக்கம் தன் பெயரை எழுதி, தண்ணீர் டம்ளரில் சாய்த்து நிறுத்திவிட்டு, "ஆரம்பிக்கலாம்" என்றாராம். பித்தளைப் பலகை பிறகு வந்தது. அவர் அதை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டார். கடைசிக் கூட்டம் வரை அந்த விசிறிதான். அடக்கத்தின்போது பெட்டியின் மேல் பூக்களுக்கு நடுவில் அது இருந்தது. அதன் கைப்பிடி உடைந்து, டேப் சுற்றியிருந்தது.

ரெபெக்கா அவரை ஒரே ஒரு முறைதான் அருகில் பார்த்திருக்கிறாள். புயல் மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்த வாரம். டயாலிசிஸ் சென்டரில் இரவு வேலை முடித்து வந்து, நனைந்த கம்பளத்தை வெட்டி வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு வயதான பெண் திறந்திருந்த கதவைத் தட்டினார். உள்ளே வந்து, சுவரில் இருந்த தண்ணீர்க் கறையின் மேல் உள்ளங்கையை வைத்தார். குள்ளமான அவருக்கு அது விலா வரை வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து, ரெபெக்கா கொடுத்த பாலில்லாத டீயைக் குடித்தார். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது என்று கேட்டார். ரெபெக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. "எனக்குக் கிரீன் கார்டுதான். ஓட்டு இல்லை" என்றாள். "தண்ணீர் உன்னிடம் கார்டு கேட்டதா?" என்றார் வெர்லீன். பிறகு மறுபடியும், எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டார். அவர் மன்றத்தில் போராடி அங்கே வடிகால் வாய்க்கால் வெட்ட ஆறு வருடம் ஆனது. ஆனால் வெட்டினார்கள். அதன் பிறகு அவள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை.

அந்த இடத்தில் தான் உட்கார வேண்டும் என்று ரெபெக்கா ஆசைப்பட்டாள். அப்படி ஓர் ஆசை தனக்கு வரும் என்று அவள் நினைத்ததில்லை. குடியுரிமை வாங்கியது அப்பா அம்மாவை அழைத்துக்கொள்ளத்தான். இப்போது இரவு வேலைக்கு நடுவில், மிஷின்களின் சத்தத்தில், அந்த மன்ற மேஜையின் முன்னால் பேசுவதுபோல் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்த்து நிற்பவர் வீடு கட்டி விற்பவர். சதுப்பு நிலத்தை மண் போட்டு மேடாக்கி விற்றவர். அவர் வந்தால் அடுத்த வாய்க்கால் வராது என்று அவளுக்குத் தெரியும்.

ரஞ்சித்குமார் காரில் ஏசியைப் போட்டுக் காத்திருந்தான். ஹூஸ்டனில் ஐ.டி. வேலை. தேர்தல் கணக்கெல்லாம் அவன்தான்.

"அக்கா, ஒரு வீட்டுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் எடுத்தா எப்படி?"

"சாப்பிடாம விடல தம்பி. இந்தா, உனக்கும் குடுத்திருக்காங்க."

அவன் ஒரு கையால் போண்டாவைக் கடித்துக்கொண்டு மறு கையால் போன் திரையைத் தள்ளினான். வாக்காளர் ஆப்பில் அவன் இந்தியப் பெயர்களை மட்டும் வடிகட்டி வைத்திருந்தான். இந்த மாதிரி தேர்தலுக்கு ஆயிரம் பேர்கூட வரமாட்டார்கள், நம்முடையவர்கள் வந்தாலே போதும் என்பது அவன் கணக்கு. அது தப்பான கணக்கு இல்லை. "அடுத்தது பாலசுப்ரமணியன். மூணு வீடு தள்ளி. இருட்டறதுக்குள்ள இன்னும் அஞ்சு வீடு முடிக்கணும்" என்றான்.

அவள் நடந்தாள். முதல் வீட்டைத் தாண்டினாள். இரண்டாவது வீட்டின் கராஜ் திறந்திருந்தது. உள்ளே மடக்கு நாற்காலியில் ஒரு கறுப்பினப் பெண் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரெபெக்கா வயதுதான் இருக்கும். வேலையிலிருந்து வந்த உடுப்பு, கழுத்தில் அலுவலக அட்டை, காலில் செருப்பு இல்லை. ரெபெக்கா தலையசைத்துவிட்டுக் கடந்தாள்.

"ஹலோ, கேண்டிடேட்!"

ரெபெக்கா நின்றாள்.

"என் வீட்டுக்குக் கதவு இல்லையா?" அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. "இருபது நிமிடமாகப் பார்க்கிறேன். அந்தப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து பொட்டலத்தோடு வந்தாய். இந்தப் பக்கத்து வீட்டுக்குப் போகிறாய். போன ஞாயிறும் எதிர் வீட்டுக்கு வந்தாய்."

"மன்னியுங்கள். உங்கள் பெயர் லிஸ்ட்டில் இல்லை."

"நான் பதினெட்டு வயதிலிருந்து ஓட்டுப் போடுகிறேன். எந்த லிஸ்ட்?"

பொய் சொல்ல எளிதான இடம் அது. ஆப்பில் ஏதோ கோளாறு என்று சொல்லலாம். ரெபெக்கா வாயைத் திறந்தாள். பிறகு, "இந்தியப் பெயர்கள் மட்டும் உள்ள லிஸ்ட்" என்றாள்.

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். "உன் பெயர் என்ன?"

"ரெபெக்கா சாமுவேல்."

"எங்கள் சர்ச்சிலேயே மூன்று ரெபெக்கா இருக்கிறார்கள். உன் பெயராவது உன் லிஸ்ட்டில் இருக்கிறதா?"

இல்லை. வடிகட்டியதில் அவள் பெயர் போய்விட்டது. அவள் கணவன் பெனிஷ் பெயரும். ரஞ்சித்குமார் சிரித்துக்கொண்டே இரண்டையும் கையால் சேர்த்திருந்தான். அன்றைக்கு அவளும் சிரித்தாள்.

"இல்லை" என்றாள்.

அந்தப் பெண் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். நீண்ட சிரிப்பு. ரெபெக்காவின் காது சூடானது. சிரிப்பு முடிந்ததும் அவள் எழுந்து வந்து கையை நீட்டினாள். பெயர் டெனிஸ். ரெபெக்காவின் கையில் இருந்த நோட்டீஸை அவளே உருவிக்கொண்டாள். அதில் மேலே ரெபெக்கா, கீழே வெர்லீன். நடுவில், மிஸ் வெர்லீன் காட்டிய வழியில் என்று அச்சடித்திருந்தது.

"இந்த வழியில் அவர் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்" என்றாள் டெனிஸ். "நான் அப்போது சின்னப் பெண். இதெல்லாம் வயல். அந்த ரோட்டு வளைவில் ஒரு வீடு, வாசலில் பழைய அடிமை மாகாணங்களின் கொடி பறக்கும். அங்கேயும் போனார். நாயை அவிழ்த்துவிட்டார்கள். அடுத்த தேர்தலுக்கு நாய்க்கு ஓர் எலும்பு எடுத்துக்கொண்டு போனார்."

"ஓட்டுப் போட்டார்களா?"

"யாருக்குத் தெரியும்? நாய் அதற்கப்புறம் குரைக்கவில்லை." அவள் நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்தாள். "உனக்குப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நீ கேட்கவே இல்லை. நீ கேட்காமல் அவர் படத்தைக் காட்டினால் எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான்."

ரெபெக்கா ஏதோ சொல்ல நினைத்தாள். வாய்க்காலைப் பற்றி, சுவரில் வைத்த உள்ளங்கையைப் பற்றி. சொன்னால் அதுவும் ஒரு படத்தைக் காட்டுவது போலத்தான் இருக்கும். "உங்கள் பின்பக்கம் தண்ணீர் நிற்கிறதா?" என்று கேட்டாள்.

டெனிஸ் வேலிக் கதவைத் திறந்தாள். மழை பெய்து நான்கு நாள் ஆகியிருந்தது. புல்லில் கால் வைத்ததும் ரெபெக்காவின் ஷூவுக்குள் தண்ணீர் ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கம் மண் போட்டு மேடாக்கிய புது வீடுகள். அவற்றில் பாதி ரஞ்சித்குமாரின் லிஸ்ட்டில் இருந்தவை.

அவள் திரும்பி வந்தபோது வெயில் கூரைகளின் மேல்தான் மிச்சம் இருந்தது. ரஞ்சித்குமார் காரை விட்டு இறங்கி நின்றிருந்தான்.

"அக்கா, அங்க என்ன பண்ணீங்க இவ்ளோ நேரம்? பாலு சார் ரெண்டு தடவை கால் பண்ணிட்டாரு. காபி ஆறுதாம்."

"லிஸ்ட் வீட்டுக்கெல்லாம் நீ போ தம்பி. நான் மத்த வீட்டுக்குப் போறேன்."

"எந்த மத்த வீடு?"

"இடையில இருக்கற எல்லாம்."

"அக்கா, நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. கேண்டிடேட் வரலன்னா நம்ம ஆளுங்க கோச்சுப்பாங்க. இவங்க யாரும் உங்களுக்குப் போடப்போறதில்ல. அம்பது ஓட்டுல தோத்துட்டு அப்புறம் என்ன பண்ணுவீங்க? நாம ஜெயிக்கணுமா வேணாமா?"

"ஜெயிக்கணும்" என்றாள். அது உண்மை. அவன் சொன்னதும் உண்மை. அந்த ஐம்பது ஓட்டுகள் லிஸ்ட்டில் இருந்த வீடுகளின் சமையலறைகளில் அவளுக்காகக் காத்திருந்தன. "கோச்சுக்கிட்டா என் மேல கோச்சுக்கட்டும். நீ போய் காபி குடி."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே போனான். போகும்போது, "போண்டா ஒண்ணு மிச்சம் இருக்கு, சீட்ல வெச்சிருக்கேன்" என்றான்.

ரெபெக்கா பையையும் நோட்டீஸ் கட்டையும் கார் சீட்டில் வைத்தாள். முதலில் தாண்டிவந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாள். வாசல் புல்லில், அவளை எதிர்த்து நிற்கும் வீடு கட்டுபவரின் தேர்தல் பலகை ஊன்றியிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். நடக்கும்போது ஈர ஷூ சத்தம் போட்டது. படியேறி மணியை அழுத்தினாள்.

உள்ளே டிவி சத்தம் நின்றது. யாரோ கதவு வரை வந்தார். கதவின் நடுவில் இருந்த சின்னக் கண்ணாடித் துளையில் வெளிச்சம் மறைந்தது. ரெபெக்கா இரண்டு கைகளையும் தெரியும்படி வைத்துக்கொண்டு அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்து நின்றாள். அது நகரவில்லை.