பேச்சியம்மா பிடுங்கிய வேலி

என் மாமியார் பேச்சியம்மா யாரையும் நம்ப மாட்டார். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசை நம்ப மாட்டார். ரேடியோவில் சொல்லும் மழையை நம்ப மாட்டார். கல்யாணமாகி ஏழு வருடமாகியும் என்னை நம்ப மாட்டார். நான் கந்தப்பளை டவுனில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். "ஊரான் வீட்டு விசேஷத்துல ஓசிச் சோறு தின்னுக்கிட்டு, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு நிக்கிறதெல்லாம் ஒரு தொழிலா?" என்று என் மனைவி லெட்சுமியிடம் கேட்டிருக்கிறார். லெட்சுமியும் அதை ஓர் எழுத்துக் குறையாமல் என்னிடம் வந்து ஒப்பித்திருக்கிறாள்.

அவர் நம்பியது ஒரு துண்டு நிலத்தை மட்டும்தான். மாமா செத்த வருடம், எஸ்டேட்டின் மேல் பக்கத்தில் கைவிட்டுக் கிடந்த கரட்டு நிலத்தைக் கொத்தி, கல் பொறுக்கி, கேரட்டும் லீக்ஸும் போட்டார். நிலம் கம்பெனியுடையது. யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவரும் யாரிடமும் கேட்கவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் தோட்டம் போட்டிருந்தார்கள். லெட்சுமியின் கழுத்தில் நான் தாலி கட்டியது அந்தக் கேரட்டில்தான். அவருடைய சின்ன மகள் லோஜினி ஹட்டனில் தங்கி ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததும் அந்தக் கேரட்டில்தான். அது போனால் அவள் படிப்பும் போகும், மறுநாளே கொழுந்துக் கூடைதான். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

சண்டை ஓய்ந்திருந்த 2004ஆம் வருடம் அது. வெள்ளைக்காரர்கள் மறுபடியும் மலைப் பக்கம் வர ஆரம்பித்திருந்தார்கள். கொழும்பிலிருந்து குகநேசன் என்று ஒருவர் என் ஸ்டூடியோவைத் தேடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றுலாக் கம்பெனி வைத்திருந்தார். ஆறு பேர் மலை உச்சியிலிருந்து சைக்கிளில் இறங்குவார்களாம், அதை நான் படம் பிடிக்க வேண்டுமாம். எந்த எஸ்டேட் என்று கேட்டேன். மாமியார் இருக்கும் எஸ்டேட்டைச் சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணை. தேயிலைக்குள்ளை சனம் நிக்காது. துரைமாரிட்டையும் சொல்லியாச்சு" என்றார் குகநேசன். வாய் நிறையச் சிரித்தார். இவ்வளவு சிரிக்கிற ஆளை எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் ஆடி மாதம், கையில் ஒரு கல்யாணமும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவருடைய ஆட்கள் போய் சைக்கிள் போகும் வழி முழுக்கச் சிவப்பு நாடா கட்டினார்கள். அங்கேதான் வினை பிடித்தது.

சிவப்பு நாடாவை எங்கள் ஆட்களுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் லயத்து ராசம்மாவின் லீக்ஸ் தோட்டத்தைச் சுற்றி இதே மாதிரி கட்டினார்கள். கட்டியவர்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள், அவள் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். அடுத்த மழைக்கு லீக்ஸ் நின்ற இடத்தில் கம்பெனி நட்ட டர்பன்டைன் மரக்கன்று நின்றது. அதனால் பேச்சியம்மாவின் வேலி ஓரமாக நாடா வந்ததும் லயமே ஒரே முடிவுக்கு வந்துவிட்டது. நிலம் அளக்கப் போகிறார்கள். சைக்கிள் என்பதும் படம் என்பதும் சும்மா பேச்சு.

ஞாயிறு காலையில் நான் கமெராவும் மூன்றுகால் ஸ்டாண்டுமாக மேலே ஏறினேன். பனி மூடியிருந்தது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காட்டு ஓரத்திலிருந்து இறங்கும் குறுக்குப்பாதை ஒரு பெரிய கல்லுக்கு அடியில் இரண்டாகப் பிரியும். வலது பாதை பேக்டரி ரோட்டுக்குப் போகும். இடது பாதையும் ஒரு காலத்தில் போய்க்கொண்டுதான் இருந்தது. போன மழைக்குச் சரிந்து ஆற்றில் விழுந்துவிட்டது. கல்லடியில் பார்த்தால் நல்ல பாதை மாதிரியே இருக்கும். வளைவு தாண்டினால் பாதை இருக்காது, பனை உயரப் பள்ளம் இருக்கும். இந்த இரண்டு பாதைக்கும் நடுவில் மாமியாரின் தோட்டம். வலது பாதையின் வேலியடியில் நின்று, சைக்கிள்கள் என்னைக் கடந்து போவதை எடுக்கச் சொல்லியிருந்தார் குகநேசன்.

தோட்டத்துக்குள் மாமியார் உட்கார்ந்திருந்தார். கையில் அரிவாள், தலையில் சாக்கு. களை பிடுங்கவில்லை. காவல் இருந்தார்.

"என்னாத்துக்கு மாப்ள வந்தீங்க?"

"சைக்கிள் எடுக்க, அத்த."

"சைக்கிள எடுக்க வந்தீங்களா, தோட்டத்த எடுக்க வந்தீங்களா?"

"அத்த, நான் உங்க மகளக் கட்டினவன்."

"அதான் யோசிக்கிறேன். ஊர்ல எத்தனையோ படம் புடிக்கிறவன் இருக்க, உங்கள ஏன் கூப்புட்டானுக? சொந்தக்காரன் வந்தா இவ வாயத் தொறக்க மாட்டா, அதுக்குத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட மோசம், அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்றும் பட்டது. அந்தச் சிரிப்பு என் கண் முன்னால் வந்து நின்றது.

"மேல லாரில ஏத்திக்கிட்டுப் போயி, கீழ சைக்கிள்ல எறங்கறதுக்கு எவனாச்சும் காசு குடுப்பானா மாப்ள? நீங்களே சொல்லுங்க. நாம தெனமும் ஏறி எறங்குறோம், எவனாச்சும் படம் எடுத்தானா?"

ஸ்டாண்டை விரித்துக் கமெராவைப் பூட்டினேன். அந்த நேரத்தில் பனி கொஞ்சம் விலகியது. கல்லடியிலிருந்து வலது பாதையில் ஒரு நாடாகூட இல்லை. இடது பக்கத் தேயிலைச் செடிகளில் வரிசையாகச் சிவப்பு ஆடிக்கொண்டிருந்தது.

"அத்த, நாடா ஏன் அந்தப் பக்கம் இருக்கு?"

"காத்துல போயிருக்கும்."

"காத்து முடிச்சுப் போட்டுக் கட்டுமா?"

மாமியார் அரிவாளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அளக்கணும்னா சரிஞ்ச எடத்த அளந்துட்டுப் போகட்டும். அதுல எதையாச்சும் நட்டுக்கட்டும். நேத்துப் பொழுது சாயக்குள்ள நான்தான் மாத்திக் கட்டினேன். இப்ப என்னாங்கிறீங்க?"

என் இடுப்பிலிருந்த வோக்கி டோக்கி கரகரத்தது. குகநேசனின் குரல். "அண்ணை, வெளிக்கிட்டாச்சு. ஆறு பேரும் வருகினம்." நான் பட்டனை அழுத்தி, நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று கத்தினேன். பதில் வரவில்லை. மலை மடிப்புக்குள் அந்தக் கருவி அப்படித்தான், அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது யாருக்கும் கேட்காது.

"அத்த, அவங்க நாடாவப் பாத்துத்தான் வருவாங்க. வேகமா வருவாங்க. அந்தப் பக்கம் போனா ஆத்துக்குள்ளதான் விழுவாங்க."

"சைக்கிளே வராது மாப்ள. அதெல்லாம்..."

மேலே பனிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. சங்கிலி அடிக்கும் சத்தம், கல் தெறிக்கும் சத்தம், யாரோ கூவும் சத்தம். ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. அதன் பின்னால் ஒரு மஞ்சள்.

பேச்சியம்மா எழுந்து நின்று பார்த்தார். ஒரு நொடிதான் பார்த்திருப்பார். பிறகு கேரட் பாத்திகளை மிதித்துக்கொண்டு இடது பக்க வேலிக்கு ஓடினார். வேலி என்றால் மரக்கிளைகளை நட்டு, உரப்பையும் பழைய சேலையும் சுற்றிக் கட்டியது. மாடும் பன்றியும் வராமல் இருக்க அவரே கட்டியது. கட்டுகளை அரிவாளால் அறுத்தார். கம்புகளைப் பிடுங்கி எறிந்தார். பாதையில் இறங்கி, பள்ளத்துக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"இங்கிட்டு! இங்கிட்டுப் போங்க!"

முதல் சைக்கிள் அவரை மோதப் போய், கடைசி நேரத்தில் வலது பக்கம் திரும்பித் திறந்த வேலிக்குள் பாய்ந்தது. அடுத்தது அதன் பின்னால். அடுத்ததும். தடித்த டயர்கள் கேரட் பாத்திகளை உழுதுகொண்டு வந்தன. லீக்ஸ் தண்டுகள் முறிந்து மணம் எழுந்தது. என் பக்கத்து வேலியையும் உடைத்துக்கொண்டு வலது பாதையில் விழுந்து, கூவிக்கொண்டே போனார்கள். கடைசியாக வந்தவன் எருக்குழிக்குள் தலைகுப்புற விழுந்தான். எழுந்து உடம்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

நான் கமெராவை விட்டு நகரவில்லை. கல்யாண வீட்டில் என்ன கலாட்டா நடந்தாலும் தாலி ஏறும் நேரத்தில் கமெராவை விடக் கூடாது என்பது தொழில் பழக்கம். சைக்கிள் சத்தம் கேட்டதிலிருந்து எல்லாம் பதிவாகியிருந்தது.

கால் மணி நேரத்தில் ஜீப் வந்தது. குகநேசனும், எஸ்டேட்டின் உதவி மேனேஜரான சின்னதுரையும் இறங்கினார்கள். சின்னதுரை சிங்களவர், ஆனால் வேலைக்காரர்களைத் திட்டித் திட்டித் தமிழ் நன்றாகப் பழகியவர். சத்தம் கேட்டு லயத்து ஆட்களும் வந்து கூடியிருந்தார்கள். சின்னதுரை இடது பக்க நாடாக்களைப் பார்த்தார், பள்ளத்தை எட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார்.

"ரிப்பன் யாரு மாத்தினது?"

சின்னதுரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"ஆறு பேர் செத்திருப்பான். பொலிஸுக்குச் சொன்னா எல்லாம் ஜெயில்தான், தெரியுமா? யாரு?"

மாமியார் முழங்கால் வரை மண்ணோடு நின்றார். சின்னதுரை அவர் பக்கம் திரும்பினார். "நீ எப்படி இங்க வந்தே?"

"வெறகு பொறுக்க வந்தேங்க தொரை. புள்ளைக வர்றதப் பாத்தேன். அம்புட்டுத்தான்."

குகநேசன் என் கமெராவின் சின்னத் திரையில் படத்தைப் போட்டுப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. முடிந்ததும் நேராக மாமியாரிடம் வந்து கை கூப்பினார். "அம்மா, நீங்கள் இல்லாட்டில் இண்டைக்கு ஆறு பிரேதம்." பிறகு நொறுங்கிக் கிடந்த பாத்திகளைப் பார்த்தார். "இது ஆரின்ரை தோட்டம் அம்மா? அவையோடை நான் கதைக்கோணும்."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சப்பாத்துக் கால்காரன், அதாவது அதிகாரி, எவன் வந்து யார் தோட்டம் என்று கேட்டாலும், யாரோ போட்டது என்று சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. தோட்டம் யாருடையதோ, நாடாவை மாற்றியதும் அவர்தான் என்று சின்னதுரைக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

"தெரியாதுங்க" என்றார் பேச்சியம்மா. "யாரோ போட்டது."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. தோட்டக்காரர் சம்மதிச்சால்தான் நாங்கள் இந்தப் பக்கம் திரும்ப வருவம். இல்லாட்டில் வேறை பாதை பாக்கலாம். நட்டமும் நாங்கள்தான் பாக்கோணும்."

மாமியார் என் காதருகே வந்தார். "ஆடு நனையுதுன்னு ஓநா அழுவுது. வாயத் தொறந்துறாதீங்க மாப்ள" என்றார்.

சின்னதுரை கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "யாருதும் இல்லையா?" ராசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாரும் குனிந்துகொண்டார்கள். விசுவாசம் என்றால் அதுதான், பேச்சியம்மாவைக் காட்டிக் கொடுக்க அந்த லயத்தில் ஓர் ஆள் இல்லை.

"நல்லதாப் போச்சு" என்றார் சின்னதுரை. "யாருதும் இல்லைன்னா கம்பெனிக் காணி. மிஸ்டர் குகநேசன், இந்த நடுவாலயே பாதை வெட்டிக்கங்க. அந்த ரோட்டை விட இதுதான் படத்துக்கு நல்லா இருக்கு. நாளைக்கே ஆள் போட்டுத் தாறேன்."

என்னால் தாங்க முடியவில்லை. "தொரை, இது எங்க அத்தை தோட்டம்" என்றேன். "பதினாலு வருசமா அவங்கதான் செய்றாங்க."

எல்லாரும் பேச்சியம்மாவைப் பார்த்தார்கள். குகநேசன் இரண்டடி முன்னால் வந்தார். "அப்பிடியோ அம்மா? உங்கடையோ?" அந்தக் குரலில் கபடம் இல்லை. அது எனக்குத் தெரிந்தது, மாமியாருக்கும் தெரியாதா என்று அவர் முகத்தையே பார்த்தேன். மாமியார் ஜீப்பைப் பார்த்தார். இடது பக்கம் இன்னும் ஆடிக்கொண்டிருந்த நாடாவைப் பார்த்தார். சின்னதுரையின் கண்ணைப் பார்த்தார். சின்னதுரை பதிலுக்காக ஆசையோடு காத்திருந்தார், நாடா மாற்றியவள் தானே வந்து வலையில் விழப்போகிறாள் என்று.

"இல்லீங்க" என்றார். "மாப்ளைக்கு ஒண்ணும் தெரியாது. டவுன்ல இருக்கிறவரு."

அவ்வளவுதான். குகநேசனின் ஆட்கள் இடது பக்க நாடாக்களை அவிழ்த்துக்கொண்டு வந்து, தோட்டத்தின் நடுவே கட்ட ஆரம்பித்தார்கள். குகநேசன் குனிந்து, நசுங்காத கேரட்டுகளாக ஒரு கை நிறையப் பிடுங்கி, மண்ணைத் தட்டி மாமியாரிடம் நீட்டினார். "இதையெண்டாலும் கொண்டு போங்கோ அம்மா. சும்மா அழுகத்தானே போகுது."

"வேணாங்க. ஊரான் வீட்டுப் பொருளு நமக்கு எதுக்கு."

சின்னதுரை ஜீப்பில் ஏறப் போனவர் நின்று திரும்பினார். "வெறகு பொறுக்க வந்தேன்னு சொன்னியே. வெறகு எங்க?"

பேச்சியம்மா தோட்டத்துக்குள் போனார். பிடுங்கி எறிந்த வேலிக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். உடைந்து கிடந்த மற்றப் பக்கத்து வேலியையும் பிடுங்கினார். ஜீப் கிளம்பும் வரை பொறுக்கினார், கிளம்பிய பிறகும் பொறுக்கினார். வேலியில் சுற்றியிருந்த பழைய சேலைத் துணியால் கட்டாகக் கட்டினார். எனக்கு அழுகை வந்தது. கமெராவின் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"படம் புடிச்சது போதும் மாப்ள" என்றார். "வந்து தலைக்குத் தூக்கி விடுங்க."