மலேரியாவுக்கு உடம்பு சரியில்லை

சோலைக்கடவில் ஆனி பிறந்ததும் மலேரியா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் பட்டியலோடு வீடுவீடாக வரும். வந்தால் கதவைத் திறந்து பாய் விரிக்க வேண்டும். அதுதான் ஊர் வழக்கம். பட்டியல் எழுதுகிறவர் சுகாதார ஆய்வாளர் தணிகாசலம். ஒன்பது வருஷமாக அதில் அவர் பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தது. கேட்டால் கைமறதி என்பார். நல்ல மறதிதான், போங்கள்!

இந்த முறை மலேரியா மருதியின் ஒரே மகள் செண்பகத்துக்குள் போய் ஏழு நாளாகியும் கிளம்பவில்லை. பிள்ளை கிழிந்த நாராகக் கிடந்தாள். டாக்டரை அனுப்பச் சொல்லி மருதி தினமும் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். ஜீப்புக்கு டயர் இல்லை என்றார்கள்.

எட்டாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. மகளின் தலைமாட்டில் நின்று கத்தினாள். "நாலு வயசுப் பிள்ளைகிட்டயா உன் வீரம்? நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல, எனக்குள்ள வா!"

பிள்ளைக்குள்ளிருந்து மலேரியா மரியாதையாகவே பதில் சொன்னது. "உங்க ரத்தம் எனக்கு ஆகாதும்மா. உங்க ஆத்தா வழியில வந்தது. நான் உள்ளே போனா ரத்த அணுவெல்லாம் அரிவாளா வளைஞ்சு என்னை அறுத்துடும். பாப்பாவுக்கு அது வாய்க்கலை. அப்பா பக்கத்து ரத்தம்."

"பத்து மாசம் சுமந்தவ நான். என் ரத்தத்துல அவளுக்குப் பங்கு கிடையாதுன்னு எவன் முடிவு பண்ணினது? வாடா வெளியே!"

மலேரியா பிள்ளையின் வாய் வழியாக வெளியே வந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, மருதியின் வாய்க்குள் நுழைந்தது. கால் மணி நேரத்தில் திரும்பி வந்து பாயில் விழுந்தது. அதன் பற்கள் தந்தியடித்தன. செண்பகம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

ஜீப் வந்துவிட்டது. அரை மணிகூட ஆகவில்லை, நாலு டயரோடும் வந்தது. டாக்டர் செண்பகத்தைத் தாண்டிப் போய் மலேரியாவின் நாடியைப் பிடித்தார். "பாவம், ஓயாத உழைப்பு" என்றார்.

கூடவே ஜீப்பில் வந்த தணிகாசலம் உத்தரவை வாசித்தார். மலேரியா தேறும்வரை அதன் வேலையை மருதி பார்க்க வேண்டும். "உன் ரத்தத்தாலதானேம்மா இந்தக் கதி?"

"பார்க்கிறேன் சார்" என்றாள் மருதி. காக்கிச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். பட்டியலின் உச்சியில், ஒன்பது வருஷமாக விட்டுப்போன பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

சாயங்காலம் தணிகாசலம் கதவைத் திறந்தார். பாயை உதறி விரித்துப் படுத்து, வாயைத் திறந்தார். மருதி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.