சூடான பானெட்

தணிகாசலத்துக்குக் காலையிலேயே தலை வெடித்தது. பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்குவதற்காகத் திருப்பதியில் நான்கு, சித்தூரில் மூன்று என்று ஏழு வண்டிகள் பார்த்தாயிற்று. ஏழிலும் பானெட்டைத் தொட்டால் கை சுட்டது. பழைய டீசல் இஞ்சினின் யோக்கியதை, ஆறிக் கிடக்கும்போது சாவி போட்டால்தான் தெரியும். சூடேற்றிவிட்டால் எல்லா இஞ்சினும் உத்தமமாகத்தான் ஓடும். எதை எதோடு ஒப்பிடுவது?

அதனால்தான் எட்டாவது வண்டிக்காரனான சித்தூர் நாகபூஷணத்திடம், "நான் வர்ற வரைக்கும் சாவி போடாதய்யா" என்று போனில் மூன்று முறை சொல்லியிருந்தான். வந்து தொட்டான். கொதித்தது.

"யோவ், இன்னாய்யா இது?"

"கோச்சுக்காதண்ணா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும். உன் நல்லதுக்குத்தான் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்."

"வாய் கூசாம இப்படிப் பொய் சொல்றியே!" என்று தணிகாசலம் கத்திக்கொண்டிருக்கும்போதே, நகரியிலிருந்து மனைவி ரோஹிணி போனில் கூப்பிட்டாள்.

"நம்ம பழைய வண்டியை வாங்கறதுக்கு ஆள் வந்துகிறாரு. நீ சொன்ன மாதிரியே அரைமணி நேரம் ஓடவிட்டு வெச்சேன். பானெட்டுல கைய வெச்சுட்டு சத்தம் போடறாரு. இன்னா சொல்றது?"

தணிகாசலம் நாகபூஷணத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"பத்தரைக்கு ராகுகாலம்னு சொல்லு."