பத்து மணிக்கு இரண்டு இடம்

தினமும் காலை பத்து மணிக்கு மலைக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஜாமீனில் வந்த வேடியப்பனுக்கு நீதிமன்றம் வைத்த நிபந்தனை அது. மரவள்ளிக் கொல்லைகளை ஒட்டிய சாலையில் தனியாக நடந்துபோவான். பின்னால் வரும் ஜீப்பில் இடம் இருக்கும். ஓட்டுகிறவன் அவனோடு ஒன்றாகப் படித்தவன்தான். ஆனாலும் ஜீப் நிற்காமல் புழுதியை இறைத்துவிட்டுப் போகும்.

பத்தொன்பது வயதில் பிடிபட்டான். கூலிக்கு ஆசைப்பட்டு, யாரோ காய்ச்சிய சாராயத்தை லாரி டியூபில் சுமந்துகொண்டு மலையிறங்கியபோது போலீஸ் மடக்கியது. காய்ச்சியவன் இன்றுவரை வெளியில்தான் இருக்கிறான். ஜாமீன் கிடைத்த பிறகும், பொறுப்பேற்க ஊரில் ஒருவரும் வராததால் வேடியப்பன் பல மாதம் சிறையிலேயே கிடந்தான். தாய் காசியம்மாள் பஸ் மாறி பஸ் மாறி ஒரே ஒருமுறை வந்தாள். கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். மகன் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. அழுதுவிட்டுப் போனாள்.

அந்தச் சிறையில் அவனை முகம் பார்த்துப் பேசிய ஒரே இடம் வகுப்பறை. எட்டாவதோடு நின்றவனைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சேர்த்திருந்தார்கள். “வேடியப்பா, அடுத்த பாராவை நீ படி” என்று ஆசிரியை சொல்லும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு நிமிரும். தேர்வு நெருங்கிய சமயத்தில் தூரத்து உறவினர் இருவர் மனமிரங்கிப் பொறுப்பேற்க, வெளியே வந்துவிட்டான். ஆனால் அவன் தேர்வு எழுத வேண்டிய இடம் அதே சிறை. நேரமும் காலை பத்து மணி.

தலைமைக் காவலர் நாராயணசாமியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“சார், பரிட்ச இருக்கற நாள்ல மட்டும் சாயங்காலம் வந்து கையெழுத்து போடறேன் சார்.”

“இன்னா பரிட்ச?”

“பத்தாவது சார். ஜெயில்ல.”

நாராயணசாமி சிரித்துவிட்டார். “ஜெயிலுக்குப் போவ லீவு கேக்கறியா? நல்லா கீதுடா கத! நேரத்த மாத்தற அதிகாரம் எனக்குக் கெடையாது. கோர்ட்டுல உத்தரவு வாங்கிக்கினு வா.”

கள்ளக்குறிச்சிக்கு இறங்கி இலவச சட்ட உதவி வக்கீலைப் பார்த்தான். “மனு போடலாம்பா. உத்தரவு வர்றதுக்குள்ள உன் பரிட்ச முடிஞ்சிடும்” என்றார் அவர்.

கையெழுத்தை விட்டுவிட்டுத் தேர்வுக்குப் போவதாக அவன் சொன்னதும், வீட்டில் காசியம்மாள் பயந்துபோனாள்.

“வேணாண்டா. மறுபடியும் உள்ள தள்ளிடுவாங்க. நீ இல்லாதப்ப இந்த வாசல்ல ஒருத்தரும் வந்து நிக்கல. ஒரு கண்ணாலத்துக்குக்கூட என்னக் கூப்புடல. திரும்பவும் நான் தனியாக் கெடக்கணுமா?”

“இப்ப மட்டும் யாரும்மா வராங்க? நான் வூட்லதான் கீறேன். அப்பவும் ரெண்டு பேரும் தனியாத்தான் கீறோம். இந்தப் பரிட்சய வுட்டா எனக்கு டியூப்பு தூக்கற வேலதான்.”

அவள் எழுந்தாள். அவனுடைய ஒரே நல்ல சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

புதன்கிழமை காலை சிறை வாசலில் போய் நின்றான். காவலாளி பச்சமுத்துவுக்கு நம்ப முடியவில்லை. “வுட்டாப் போதும்னு ஓடறவனுங்களத்தான் பாத்துகினு கீறேன். உள்ள வுடுன்னு நிக்கறவன் நீ ஒருத்தன்தாண்டா” என்றபடி அதிகாரியிடம் கேட்டு உள்ளே அனுப்பிவைத்தார்.

தமிழ்த் தாளைக் கையில் வாங்கியபோது மணி பத்து. இந்நேரம் காவல் நிலையத்தில் தன் பெயரை ஒருமுறை கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தான். பிறகு பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினான்.

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனபோது, வரவில்லை என்ற தகவல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டிருந்தது. நாராயணசாமிதான் அனுப்பியிருந்தார். அந்த வாரமே ஜாமீன் ரத்தானது. அவனைச் சிறையில் கொண்டுபோய் விடும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை. வேடியப்பனின் ஒரு கையில் விலங்கு, மறுகையில் ஆங்கிலப் புத்தகம். வழியெல்லாம் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தைப் புரட்ட ஒற்றைக் கையால் அவன் தடுமாறுவதை நாராயணசாமி இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை அவரே புரட்டிவிட்டார். அதன்பிறகு சிறை வரும்வரை அதுதான் அவருக்கு வேலை.

சிறை வாசலில் பச்சமுத்து திடுக்கிட்டார். “மறுபடியுமா? இப்ப இன்னா கேசு?”

“கேசு ஒண்ணும் இல்லய்யா. பரிட்ச எழுதுனான்” என்றார் நாராயணசாமி. சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

கதவு திறந்தது. வேடியப்பன் திரும்பி, “எங்கம்மா தனியா கீறாங்க சார். நான் நல்லா கீறேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க” என்றான்.

மலைக்குத் திரும்பியவர் நேராகக் காசியம்மாளின் வீட்டுக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. ரேஷன் கடை வரிசையில், எல்லோரையும் விட்டு ஓர் எட்டுத் தள்ளி நின்றிருந்தாள் அவள்.

“ஒம் மவன் நல்லா கீறாம்மா. மிச்சப் பரிட்சய உள்ள இருந்தே எழுதறான்.”

காசியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது சார்? எம் மவன் எனக்குத் தெரியும். இவங்களாண்ட சொல்லுங்க.”

வரிசை மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. நாராயணசாமி தொப்பியைக் கழற்றினார்.

“சாராயத்தத் தூக்கிக்கினு எறங்குனப்ப அவனத் தொரத்திப் புடிச்சோம். புஸ்தகத்தத் தூக்கிக்கினு எறங்குனப்ப வழிவுட எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. தப்புப் பண்ண புள்ளய ஜெயிலு உள்ளதான் வெக்கும். அவன மனுசனா வெளிய கொண்டாரது படிப்புதான். அந்தப் படிப்புக்குக் குறுக்க நின்னா, அவன் பண்ண தப்பவுட நாம பண்றதுதான் பெரிய தப்பு. அதுல மொத ஆளு நானு.”

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார். வரிசையில் காசியம்மாளுக்கு முன்னால் நின்ற பெரியம்மாள் மெல்லத் திரும்பினாள்.

“இன்னும் எத்தினி பரிட்ச கீது, காசி?”

ஊரில் ஒருத்தி தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. காசியம்மாள் ஓர் எட்டு முன்னால் வந்தாள்.

“நாலு” என்றாள்.