எலிமெலேக்கின் பெண்சாதி சொன்னது

அந்த நாட்களில் தேசத்தில் பஞ்சம் வந்தது என்று தேவதானம் அய்யா தெலுங்கில் ஆரம்பித்ததுமே மனோரமா மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். பஞ்சத்தில் தொடங்குகிற கதைகள் வேதத்தில் ஏழெட்டு இருக்கின்றன, இது வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே மைக்கை வாயருகே கொண்டுபோய்த் தமிழில் சொன்னாள். அடுத்து அவர் பெத்லெகேம் என்றார். எலிமெலேக்கு என்றார். அவன் பெண்சாதி நகோமி, பிள்ளைகள் இரண்டு பேர் என்றார். சரி, அந்தக் கதையேதான்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பிரசங்கம் பண்ண தேவதானம் அய்யா தெலுங்குப் பக்கத்து நகரியிலிருந்து திருத்தணிக்கு வந்துவிடுவார். மனோரமா நகரியில் பிறந்து அம்மையார்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், ஆகவே எட்டு வருஷமாக அவள்தான் அவருக்கு மொழிபெயர்ப்பு. உண்மையைச் சொன்னால் ஜெபம் நடக்கிற தகரக் கொட்டகையில் உட்காருகிற பெண்களில் பாதிப்பேருக்கு மேல் தெலுங்கு தெரியும். சந்தையில் தெலுங்கில் பேரம் பேசி, தெலுங்கிலேயே திட்டிவிட்டு வருகிறவர்கள். இருந்தாலும் ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தடவை கேட்டால்தான் அவர்களுக்குப் பிரசங்கம் கேட்ட மாதிரி இருக்கும். மொழிபெயர்ப்பவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எட்டு வருஷத்தில் யாரும் அவளை ஒரு குற்றம் சொன்னதில்லை.

ஆனால் இன்றைக்கு அவள் வீடு இருக்கிற நிலைமை வேறு. பொங்கல் கழிந்ததிலிருந்து தறி ஓடவில்லை. நூல் கொடுக்கிறவர் நிறுத்திவிட்டார். ரேஷன் அரிசியில் நாலு மாதம் தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் புருஷன் கோதண்டம், பெரியவன் ஜெயப்பிரகாஷ், சின்னவன் டில்லிபாபு மூன்று பேரும் வடக்கே பிவண்டியில் தறி ஓட்டப் போய்விட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை பேசும்போது சின்னவனுக்கு ஜுரம் என்று கோதண்டம் சொன்னான். பெரியவனும் படுத்திருக்கிறான் என்றான். அவன் குரலே சரியில்லை. புதன்கிழமையிலிருந்து மூன்று பேர் போனும் அணைந்து கிடக்கிறது. அங்கே வேலை கொடுத்த பட்டறைக்காரர் நம்பர் மட்டும் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. காலையில் டவுன் பஸ் திரும்பும்போது மலை தெரிந்தது. ஞானஸ்நானம் வாங்கிப் பத்து வருஷமானவள், பக்கத்தில் சபைக்காரி யாரும் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, நீயாவது பார்த்துக்கோ என்று முருகனிடமும் ஒரு வார்த்தை போட்டு வைத்தாள். பயம் வந்த பிறகு எந்த வாசல் என்று பார்க்கத் தோன்றுமா?

அய்யா நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். பஞ்சம் பிழைக்க எலிமெலேக்கு மோவாப் தேசத்துக்குப் போனான் என்றார். சொன்னாள். அங்கேயே தங்கிவிட்டான் என்றார். சொன்னாள். அடுத்தது என்ன வருமென்று அவளுக்குத் தெரியும். வாயால் சொன்னது பலிக்கும், நாக்கை அடக்கிப் பேசுங்கள் என்று இதே அய்யா போன மாதம்தான் பிரசங்கம் பண்ணினார், அதையும் அவள்தான் சத்தமாகத் தமிழில் சொன்னாள். அதற்கும் முன்னால், விளக்கு வைத்த வீட்டில் அப்படிப்பட்ட வார்த்தையைப் பேசக்கூடாது என்று சொல்லித்தான் அவள் அம்மாவும் வளர்த்திருந்தாள்.

அய்யா ஒரு விரலை மடக்கிக் காட்டி, "எலிமெலேக்கு சனிபோயாடு" என்றார். செத்துப்போனான் என்று கொட்டகைக்கே புரிந்தது.

மனோரமா சொன்னாள்: "எலிமெலேக்குக்கு ஒடம்பு சரியில்லாம போச்சு."

முன்வரிசையில் இரண்டு தலைகள் நிமிர்ந்தன. அய்யா திரும்பிப் பார்த்தார். நகரிக்காரருக்குத் தமிழ் தெரியாமல் இருக்குமா? அவளுக்குக் காது அடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அதே வார்த்தையை நிறுத்தி இன்னொரு தரம் சொன்னார். அவளும் அதையே நிறுத்திச் சொன்னாள். ஒடம்பு சரியில்லாம போச்சு. யாரோ முந்தானைக்குள் சிரித்தார்கள். அய்யா முகம் சிவந்தது, ஆனாலும் பெரிய மனுஷர், விட்டுவிட்டு மேலே போனார். பிள்ளைகள் இரண்டு பேரும் அதே மாதிரி போய்ச்சேர்ந்தார்கள் என்றார்.

"புள்ளைங்க ரெண்டு பேரும் நல்லா இருந்தாங்க" என்றாள் மனோரமா.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னால் தன் வாயாலேயே மூன்று பேரையும் அனுப்பி வைத்தது போலாகும். சொல்லாமல் விட்டால் தேவனுடைய வார்த்தையைப் புரட்டியவள் ஆவாள், அதற்கான தண்டனையும் அந்த மூன்று பேர் தலையில்தான் விடியும். இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது. ஓடிவிடலாமா என்றுகூடப் பார்த்தாள். கொட்டகைக்கு இருப்பது ஒரே வாசல், அதுவும் அத்தனை பேரையும் தாண்டி அந்தக் கோடியில் இருந்தது.

அய்யா விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். எத்தனையோ பேர் பெத்லெகேமிலேயே பட்டினியைப் பொறுத்துக்கொண்டு இருந்தார்களே, அவர்கள் பிழைக்கவில்லையா? இவன் அவசரக்காரன். தேவன்மேல் நம்பிக்கை இல்லாதவன். சொந்த ஊரை உதறிவிட்டுப் பிள்ளைகளைச் சாவுக்கு இழுத்துக்கொண்டு போனவன். பழி முழுவதும் அந்த மனுஷனுடையது. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

மனோரமா மைக்கை இறக்கினாள். பிறகு மறுபடியும் ஏற்றினாள்.

"அந்த மனுசன் மேல பழி போடாதீங்க அய்யா. அவுரு போறேன்னு சொல்லியிருக்கமாட்டாரு. அந்தம்மாதான் சொல்லியிருக்கும். அரிசிப்பானைய அவுரு முன்னாடி கவுத்துக் காட்டியிருக்கும். இப்பிடியே ஒக்காந்துகினு இருந்தா இன்னா ஆவறது, ரெண்டு புள்ளைங்களையும் இட்டுகினு எங்கியாச்சும் போன்னு கத்தியிருக்கும். எங்க பாவா, என் வூட்டுக்காரு, ஆர்.கே.பேட்டைய தாண்டி ஒரு ராத்திரி தங்கினதில்ல. வாணாம் மனோ, இங்கியே எதுனா பாத்துக்கலாம்னாரு. நான்தான் கேக்கல."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அந்தம்மாவாச்சும் கூடப் போச்சு. நான் போவல."

மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. தெலுங்குக்காரர் தமிழைக் கேட்டுக்கொண்டு நின்றார். முன்வரிசையிலிருந்து ஞானம்மாள் எழுந்தாள், மனோரமாவோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். "அவ வூட்டுக்காரும் புள்ளைங்களும் பிவண்டிக்குப் போயிருக்காங்க அய்யா. மூணு நாளா போன் போவல. ஜுரம்னு சொன்னாங்களாம்." சொன்னவள் உடனே உட்காரவில்லை. "என் மருமவப்புள்ள பெங்களூர்ல இருக்குது" என்று சேர்த்துக்கொண்டாள், யாரும் கேட்காமலே.

தேவதானம் அய்யா தம் முன்னாலிருந்த குறிப்புத்தாளைப் பார்த்தார். அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் எழுதித்தான் வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்க்காமல் தெலுங்கில் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். எட்டு வருஷப் பழக்கம், அவள் வாய் தானாகவே அதைத் தமிழில் சொன்னது.

"ஊர வுட்டு பொழைக்கப் போனவங்க யார் யார் வூட்ல இருக்காங்க? கை தூக்குங்க."

முதலில் ஞானம்மாள் கை. பிறகு அவளுக்குப் பின்னால் இரண்டு. பிறகு பக்கவாட்டில், தூணோரம், வாசலண்டை. மடியில் குழந்தை தூங்குகிறவள் அதை எழுப்பாமல் இடதுகையைத் தூக்கினாள். தூக்காதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மனோரமா தேடிப் பார்த்தாள், கண்ணுக்கு அகப்படவில்லை. இத்தனை நாளும் தன் ஒருத்தி வயிற்றில்தான் இந்த நெருப்பு என்று நினைத்திருந்தாள். எல்லாருடைய முகங்களும் இப்போது அவளையே பார்த்தன. அவர்களுக்கும் தெலுங்கு தெரியும். செத்துப்போனான் என்ற அந்த வார்த்தையை அவர்களும் கேட்டுவிட்டார்கள், இப்போதுதான் அது அவரவர் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவளும் கையைத் தூக்கினாள். மைக் பிடித்திருந்த கை அது.

அய்யா குறிப்புத்தாளை மடித்து வேதத்துக்குள் வைத்தார். பெண்கள் தூக்கிய கைகள் தளரத் தொடங்கின. தமிழில் இறக்கச் சொல்ல வேண்டியவள் மனோரமாதான், ஆனால் மைக் தலைக்கு மேலே இருந்தது.