இரண்டு வரிசைக் குமிழி

மனுவேற்பிள்ளை கடலுக்குள் இறங்கினால் மேலே இரண்டு பேருடைய மூச்சுக்குமிழி வரும். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப்போன மறுவருடம், 1958இல், இது முதலில் கவனிக்கப்பட்டது. அந்தக் கிழமை வெங்காயமும் விலையேறியிருந்ததால் ஊர் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. தோணியில் நின்று கயிறு பிடிக்கும் அபூதாஹிருக்குத்தான் குழப்பம். காற்று போவது ஒரு குழாயில், ஓர் ஆளுக்கு. வருவதோ இரண்டு வரிசை. பாதிரியார் வந்து பார்த்தார், வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனுவேற்பிள்ளை பயந்த மனிதர். பிறகேன் சுழியோடியானார் என்றால், வேறு வேலை கிடைக்கவில்லை. உலக முடிவுவரை உங்களோடு இருக்கிறேன் என்று ஆண்டவர் சொன்னது கடலடிக்கும் சேர்த்தா என்பது அவருடைய நெடுநாள் சந்தேகம். கீழே அவர் கண்ணில் ஒருவரும் பட்டதில்லை. கலங்கல் தண்ணீரும் தன் கையும்தான். ஆகவே இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் ஆழம், இறங்கியதும் கயிற்றை ஒரு தரம் இழுத்துக் கேட்பார். இரண்டு வரிசை தெரிந்தால் அபூதாஹிர் இரண்டு தரம் இழுக்க வேண்டும். அதன்பிறகுதான் மிச்ச ஆழம்.

"உங்கட யேசுவுக்கு வரவு போடுற கிளாக்கரா நான்?" என்பார் அபூதாஹிர்.

"கோவிக்காதீங்கோ காக்கா. உங்களுக்குத்தானே தெரியுது," என்று மூத்த அண்ணனிடம்போலக் கெஞ்சுவார் மனுவேற்பிள்ளை.

ஒன்பது வருடம் இப்படியே போனது. 1967 மாசியில், சீனன்குடாப் பக்கம் கடலடியில் தாண்டுகிடந்த பழைய கப்பலொன்றை வெட்டும்போது இரும்புத்தகடு சரிந்து, கிண்ணியா ஸெய்னுதீன் என்ற இளம் சுழியோடி அதனடியில் அகப்பட்டான். அவனுடைய காற்றுக்குழாய் நசுங்கிவிட்டது. மிஞ்சியிருந்த சுழியோடி மனுவேற்பிள்ளை ஒருவரே. இறங்கினார். இரண்டு பாகத்தில் கயிறு ஒரு தரம் இழுபட்டது.

அபூதாஹிர் பார்த்தார். மனுவேற்பிள்ளைக்கு மேலே ஒரு வரிசைதான். மற்றது முப்பது முழம் தள்ளி, காற்றே போகாத ஸெய்னுதீனுக்கு நேர்மேலே, நிதானமாக வந்துகொண்டிருந்தது. பொய் சொன்னால் மனுவேற்பிள்ளை இறங்குவார். மெய் சொன்னால் ஏறிவிடுவார், பொடியன் மௌத்து.

"யா அல்லாஹ், இந்த வேதக்காரப் பிரச்சினைக்குள்ள என்னை ஏன் மாட்டிவிட்டாய்!" என்று சத்தமாகவே கேட்டார். ஒன்பது வருடம் பொய் இழுத்தறியாத கை, ஒரு தரம் மட்டும் இழுத்தது.

மனுவேற்பிள்ளையின் குமிழி நின்ற இடத்திலேயே நின்றது. அவர் ஏறுவார் என்று தோணிக்காரர் ஏணியைப் பிடித்தார்கள். பிறகு அந்த ஒற்றை வரிசை அசைந்து, ஸெய்னுதீன் கிடந்த பக்கமாக, கோணலும் மாணலுமாகப் போனது.

"கண்ணால காணாமல்தானே இவ்வளவு காலமும் இறங்கினனான்," என்று பின்னர் சொன்னார். "குமிழியும் இல்லாட்டி என்ன எண்டு போனனான். பயம் மட்டும் கூடவே வந்தது."

அரைமணி நேரத்தில் அலவாங்குக் கம்பியால் தகட்டைக் கிளப்பி, ஸெய்னுதீனை உயிரோடு ஏற்றினார்கள். செப்புத் தொப்பியைக் கழற்றியதும் அவன் சுற்றிலும் பார்த்தான்.

"கீழ என்ட கையைப் புடிச்சிட்டு இருந்தவரு எங்க காக்கா? அவருக்கும் தேத்தண்ணி குடுங்க."

"அது நானில்லை," என்றார் மனுவேற்பிள்ளை அவசரமாக. "நான் பிந்தித்தான் வந்தனான்."

அபூதாஹிர் இன்னொரு கோப்பையைக் கழுவி எடுத்தார். சீனி எவ்வளவு போடுவதென்றுதான் சற்றுக் குழம்பினார். பிறகு எல்லோருக்கும் போடுகிற அளவே போட்டார்.